டிஸ்க் கழற மாட்டேன் என்கிறதா? யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றப் போனால் 'டார்கெட் இஸ் பிசி' என்று லினக்ஸ் மறுக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் டிசைன் படங்களை பேக்கப் எடுக்கிறவரானாலும் சரி, அம்மாபேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவரானாலும் சரி, லினக்ஸுக்குப் புதிதாக வந்தால் சீக்கிரமே இந்தச் செய்தியில் வந்து முட்டிக்கொள்வார்கள். அப்போது பெரும்பாலானவர்கள் கேபிளை உருவுவார்கள், இல்லையென்றால் மெஷினை ரீஸ்டார்ட் செய்வார்கள். கேபிளை உருவுவது ஆபத்து. ரீஸ்டார்ட் வேலைக்கு ஆகும். ஆனால் காலையிலிருந்து ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் அதைச் செய்தால் ஸ்டுடியோக்காரர் சும்மா விடமாட்டார்.

யாரோ அந்த டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் செய்தியின் பொருள். லினக்ஸின் மையமான கர்னல் ஒவ்வொரு மவுண்ட்டுக்கும், அதாவது ஒரு ஃபோல்டரில் இணைத்த ஒவ்வொரு டிஸ்க்குக்கும், ஒரு எண்ணிக்கை வைத்திருக்கிறது. ஒரு புரோகிராம் அங்கே ஃபைலைத் திறந்தால் எண்ணிக்கை கூடும், மூடினால் குறையும். ஃபைல் எதையும் தொடாமல் ஒரு ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருந்தாலே கூடும். அதில் பாக்கி இருக்கும் வரை கழற்ற விடாது. ஆக, உங்கள் வேலை துப்பறிவது. பிடித்திருப்பது யார் என்று தெரிந்துவிட்டால் விடுவிப்பது பெரும்பாலும் அரை நிமிட வேலை.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் மட்டும் தனியாகச் சொல்கிறேன். கழற்றும் கட்டளை 'யுமவுண்ட்': யூ எழுத்துக்குப் பிறகு நேராக எம் வரும், நடுவில் என் கிடையாது. 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வந்தால் முதலில் அதைப் பாருங்கள். உதாரணத்துக்கு நம் டிஸ்க் /எம்என்டி/கொலுசு என்ற இடத்தில் மவுண்ட் ஆகியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி: நீங்களே உள்ளே நிற்கிறீர்களா?

சிரிக்க வேண்டாம். கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பார்த்தால் பிடித்திருப்பது பெரும்பாலும் கூப்பிட்டவரின் டெர்மினலேதான். 'பிடபிள்யூடி' என்று தட்டுங்கள். விடையில் /எம்என்டி/கொலுசு வந்தால் நீங்கள்தான் அந்த ஆள். 'சிடி' என்று மட்டும் தட்டி என்டர் அடித்தால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு வந்துவிடுவீர்கள். மறுபடி கழற்றிப் பாருங்கள்.

இதிலேயே கொஞ்சம் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. டிஸ்க்குக்குள் நின்றுகொண்டு 'சூடோ -ஐ' (எஸ்யூடிஓ) போட்டு ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள யூசர், ஆகிறீர்கள். புதிய ஷெல் (டெர்மினலில் உங்கள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) ரூட்டின் ஹோமுக்குப் போய்விடும். 'பிடபிள்யூடி' போட்டால் /ரூட் என்று காட்டும். நாம்தான் வெளியே வந்துவிட்டோமே என்று கழற்றினால் மறுபடி பிசி. ஏன் என்றால், நீங்கள் சூடோ போட்ட பழைய ஷெல் இந்த ஷெல்லுக்கு அடியில் இன்னும் உயிரோடு, டிஸ்க்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'எக்ஸிட்' கொடுத்து ரூட்டிலிருந்து வெளியே வந்து, அங்கே 'சிடி' போட்ட பிறகுதான் கணக்கு தீரும். டீமக்ஸ், ஸ்கிரீன் (ஒரே டெர்மினலில் பல ஜன்னல்களை உயிரோடு வைத்திருக்கும் கருவிகள்) பழக்கம் உள்ளவர்கள் மறந்துபோன பழைய ஜன்னல்களையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். போன வாரம் திறந்த ஷெல் அங்கே அப்படியே குந்தியிருக்கும்.

ஃபைல் மேனேஜர் ஜன்னலையும் மூடிவிடுங்கள். நிறையப் படங்கள் உள்ள டிஸ்க் என்றால் சிறுபடம் உருவாக்கும் வேலையும், க்னோம் டெஸ்க்டாப்பில் தேடல் பட்டியல் போடும் வேலையும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். அவை கொஞ்ச நேரத்தில் தாமாக விலகிக்கொள்ளும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம்.

இரண்டாவது படி: ஆளைக் கண்டுபிடிப்பது

இதற்கு இரண்டு கருவிகள்: 'ஃபியூசர்' (எஃப்-யூ-எஸ்-இ-ஆர்), 'எல்எஸ்ஓஎஃப்'. ஃபியூசர் இல்லையென்றால் 'பிஎஸ்மிஸ்க்' என்ற பேக்கேஜை நிறுவுங்கள். எல்எஸ்ஓஎஃப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் விக் ஏபெல் எழுதியது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடுவது அதன் ஒரே வேலை. நான் முதலில் கையில் எடுப்பது ஃபியூசரைத்தான். விடை சுருக்கமாக வரும்.

சூடோ ஃபியூசர் -வி -எம் /எம்என்டி/கொலுசு

சூடோவை விடாதீர்கள். சாதாரண யூசராகத் தட்டினால் மற்றவர்களின் பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) பலவற்றை உங்களுக்குக் காட்டாது. பட்டியல் காலியாக வரும், நீங்களும் யாரும் இல்லை என்று நம்பிவிடுவீர்கள்.

விடையில் யூசர் பெயர், பிராசஸ் எண், ஒரு புள்ளி வரிசை, புரோகிராமின் பெயர் என்று வரும். 'கர்னல்', 'மவுண்ட்' என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். அது மவுண்ட் ஆகியிருப்பதை மட்டும் சொல்கிறது, கண்டுகொள்ள வேண்டாம். மற்ற வரிகளில் புள்ளிகளுக்கு நடுவே நிற்கும் எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. சி என்றால் அந்த பிராசஸ் அங்கே ஒரு ஃபோல்டருக்குள் நிற்கிறது. சிறிய எஃப் என்றால் ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. பெரிய எஃப் என்றால் எழுதுவதற்காகத் திறந்திருக்கிறது, கவனம் தேவை. இ என்றால் அந்த டிஸ்க்கில் இருக்கும் புரோகிராமே ஓடிக்கொண்டிருக்கிறது. எம் என்றால் அங்குள்ள ஒரு ஃபைலையோ லைப்ரரியையோ மெமரியில் மேப் செய்து வைத்திருக்கிறது. ஆர் என்றால் அந்த இடத்தையே தனக்கு ரூட்டாக வைத்திருக்கிறது.

ஸ்டுடியோ மெஷின் ஒன்றில் வரும் விடையை எடுத்துக்கொள்வோம். பேஷ் என்ற வரியில் சி. எஃப்எஃப்எம்பெக் என்ற வரியில் பெரிய எஃப். முதலாவது யாரோ திறந்து வைத்த டெர்மினல், பயமில்லை. இரண்டாவது, எடிட்டிங் சாஃப்ட்வேர் மூடிய பிறகும் பின்னால் உயிரோடு இருக்கும் ஒரு என்கோடர். அது இன்னும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறது. இப்போது கேபிளை உருவினால் போவது யாருடைய கல்யாணம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஃபைல் என்று தெரிய வேண்டுமானால் இரண்டாவது கருவி:

சூடோ எல்எஸ்ஓஎஃப் /எம்என்டி/கொலுசு

மவுண்ட் ஆன இடத்தின் பெயரைக் கொடுத்தால் அந்த ஃபைல்சிஸ்டம் முழுவதிலும் திறந்திருப்பவை அனைத்தையும் காட்டும். எஃப்டி என்ற பத்தியைப் பாருங்கள். 'சிடபிள்யூடி' என்றால் உள்ளே நிற்கும் ஷெல். எண்ணோடு ஆர் இருந்தால் படிக்கிறது, டபிள்யூ இருந்தால் எழுதுகிறது, யூ இருந்தால் இரண்டும். கடைசிப் பத்தியில் ஃபைலின் முழுப் பெயர். சில சமயம் பெயருக்குப் பின்னால் 'டெலீட்டட்' என்று வரும். ஃபைலை அழித்தாகிவிட்டது, ஆனால் ஒரு பிளேயர் அதை இன்னும் விடவில்லை என்று பொருள். ஃபுட்டேஜை அழித்த பிறகும் டிஸ்க்கில் இடம் கூடவில்லை, கழற்றவும் முடியவில்லை என்று இரண்டு புகார் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இதுதான்.

'+டி' (டைரக்டரியின் முதல் எழுத்து) என்ற தேர்வை, அதுவும் பெரிய எழுத்தில், சில இடங்களில் பரிந்துரைப்பார்கள். அது ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கித் தேடும். பெரிய டிஸ்க்கில் உயிரை வாங்கும். மவுண்ட் இடத்தின் பெயரே போதும்.

மூன்றாவது படி: அனுப்பி வைப்பது

அதனதன் வழியில் மூடுவதே சிறந்தது. புரோகிராமாக இருந்தால் சேமித்து மூடுங்கள். டேட்டாபேஸோ வேறு சர்வீஸோ என்றால் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' போட்டு நிறுத்துங்கள். சர்வீஸை 'கில்' செய்து பயனில்லை. செத்தால் மறுபடி எழுப்பு என்று அமைப்பில் எழுதியிருந்தால் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உடனே புது எண்ணில் எழுப்பிவிடும். நீங்கள் கொல்ல, அது எழுப்ப, இப்படியே போகும்.

உரிமையாளர் இல்லாத பிராசஸ் என்றால் 'கில்' போட்டு அதன் எண்ணைக் கொடுங்கள். சிக்னல் எண் எதுவும் சேர்க்காத கில் 15-ஆம் சிக்னலை அனுப்பும். வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு என்று சொல்வதற்குச் சமம் அது. '-9' என்பது சொல்லாமல் கொள்ளாமல் முடிப்பது. வீடியோ விஷயத்தில் இந்த வித்தியாசம் பெரிது. எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். 15 வாங்கிய எஃப்எஃப்எம்பெக் அந்த அட்டவணையை எழுதிவிட்டுப் போகும். 9 வாங்கினால் எழுதாமலே போய்விடும். பல ஜிபி அளவுள்ள ஃபைல் அங்கேயே இருக்கும், எந்தப் பிளேயரிலும் ஓடாது. ஆகவே முதலில் 15, கொஞ்சம் பொறுமை, அப்புறமும் போகவில்லை என்றால் 9.

ஃபியூசரிலேயே '-கே' என்று ஒரு தேர்வு உண்டு. பிடித்திருப்பவர்கள் எல்லோரையும் ஒரே அடியில் காலி செய்யும், அதுவும் 9-ஆம் சிக்னலால். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படும் வைத்தியம் இதுதான். எனக்கு இதைப் புதியவர்களிடம் கொடுப்பதில் துளியும் விருப்பமில்லை. காரணம் இருக்கிறது. '-எம்' தேர்வு நீங்கள் சொன்ன ஃபோல்டர் எந்த ஃபைல்சிஸ்டத்தில் இருக்கிறதோ அதை முழுவதும் எடுத்துக்கொள்ளும். டிஸ்க் ஏற்கெனவே கழன்றுவிட்டது என்று வையுங்கள். இப்போது /எம்என்டி/கொலுசு என்பது ரூட் ஃபைல்சிஸ்டத்தில், அதாவது மெஷினே ஓடும் முதன்மை ஃபைல்சிஸ்டத்தில், இருக்கும் வெறும் காலி ஃபோல்டர். அங்கே '-கே -எம்' போட்டால் ரூட்டில் ஃபைல் திறந்திருக்கும் எல்லாமே, அதாவது கிட்டத்தட்ட மொத்த மெஷினும், செத்து விழும்.

போட்டே ஆக வேண்டும் என்றால் இப்படிப் போடுங்கள்: '-கே'யோடு '-ஐ' சேர்த்தால் ஒவ்வொரு பிராசஸுக்கும் கேட்டுக் கேட்டுச் செய்யும். '-டெர்ம்' என்று முழுவதும் பெரிய எழுத்தில் சேர்த்தால் 9-க்குப் பதில் 15 போகும். '-எம்' தேர்வைப் பெரிய எழுத்தில் இன்னொரு முறை சேர்த்தால், கொடுத்த இடம் உண்மையில் மவுண்ட் ஆன இடமாக இருந்தால் மட்டுமே வேலை செய்யும், இல்லையென்றால் ஒதுங்கிக்கொள்ளும். இந்தக் கடைசித் தேர்வை மட்டும் மறக்கவே கூடாது.

யாருமே இல்லை, ஆனாலும் பிசி

அந்தக் கர்னல் வரியைத் தவிர இரண்டு கருவியும் காலியாக விடை சொல்லும், யுமவுண்ட் மட்டும் ஒத்துக்கொள்ளாது. பேய் எல்லாம் இல்லை. பிராசஸ் எதுவும் இல்லாமல் கர்னலே பிடித்துக்கொண்டிருக்கும் சில வகைகள் உண்டு, ஃபியூசரும் எல்எஸ்ஓஎஃப்பும் பிராசஸ்களைத்தான் துழாவும்.

முதலில் 'ஃபைண்ட்எம்என்டி -ஆர் /எம்என்டி/கொலுசு' போடுங்கள், ஆர் பெரிய எழுத்து. இந்த மவுண்ட்டுக்கு உள்ளே இன்னொரு மவுண்ட் இருந்தால் மரக்கிளை போலக் காட்டும். உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு வெளியே வாருங்கள். 'யுமவுண்ட்' கட்டளையிலும் பெரிய ஆர் சேர்த்தால் அதுவே உள்ளிருந்து வெளியே கழற்றிக்கொண்டு வரும். இதே விடையில் ஒரே இடம் இரண்டு வரியாக வந்தால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை மவுண்ட் ஆகியிருக்கிறது. அதற்கு வைத்தியம் இரண்டு முறை கழற்றுவது, அவ்வளவுதான்.

டிஸ்க்கில் ஐஎஸ்ஓ போன்ற இமேஜ் ஃபைல் இருந்து அதை எங்காவது லூப்பாக, அதாவது அந்த ஃபைலையே ஒரு டிஸ்க் போல, மவுண்ட் செய்திருந்தாலும் கழறாது. 'எல்ஓசெட்டப் -ஏ' காட்டிக்கொடுக்கும். ஸ்வாப் ஃபைலை (ரேம் போதாதபோது பயன்படும் ஃபைல்) அங்கே வைத்திருந்தால் 'ஸ்வாப்ஆன் --ஷோ' சொல்லும், 'ஸ்வாப்ஆஃப்' விடுவிக்கும். இந்த ஃபோல்டரை என்எஃப்எஸ் வழியாகப் பக்கத்து மெஷின்களுக்குப் பகிர்ந்திருக்கிறீர்களா? 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' என்று வெறுமனே தட்டினால் பகிர்வுப் பட்டியல் வரும், '-யூ' சேர்த்து அந்தப் பகிர்வை எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

மலைமேல் ஒரு வகை: நெட்வொர்க் மவுண்ட்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அங்கே ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ், அதன் கணக்கு ஃபைல்கள் கீழே ஊரில் இருக்கும் சர்வரில், நடுவில் என்எஃப்எஸ் மவுண்ட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மழையும் காற்றும் ஒரு மரக்கிளையை முறித்துப் போட்டால் லைன் போய்விடும். இப்போது வருவது வேறு வகைத் தொல்லை. பிசி என்ற செய்திகூட வராது, தட்டிய கட்டளை அப்படியே உறைந்து நிற்கும். ஆபீஸ் தம்பி ஃபோனில் கூப்பிடுவார்:

"அண்ணா, டிஎஃப் போட்டேன்ங்க, திரும்பி வரவே மாட்டேங்குது. இன்னொரு டெர்மினல் திறந்து போட்டேன், அதுவும் நின்னுடுச்சுங்க."

"போதும் தம்பி, இன்னும் திறக்காத. எத்தனை திறந்தாலும் எல்லாம் அங்க போய்த்தான் நிக்கும்."

என்எஃப்எஸ் மவுண்ட்டின் இயல்பான நடத்தை 'ஹார்டு'. சர்வர் பதில் சொல்லும் வரை விடாமல் காத்திருக்கும். மீதி இடத்தைக் காட்டும் கட்டளையான டிஎஃப் ஒவ்வொரு மவுண்ட்டையும் தொட்டு இடம் கேட்பதால் மாட்டிக்கொள்கிறது. ஃபியூசரும் எல்எஸ்ஓஎஃப்பும்கூட அதே குழியில் விழலாம். இந்த நேரத்தில் நம்பக்கூடியது 'ஃபைண்ட்எம்என்டி -டி என்எஃப்எஸ்,என்எஃப்எஸ்4' (இந்த டி, டைப் என்பதன் முதல் எழுத்து). அது கர்னல் வைத்திருக்கும் பட்டியலை மட்டும் படிக்கும், சர்வரைத் தொடாது.

லைன் சீக்கிரம் திரும்பும் என்றால் காத்திருப்பதே உத்தமம். வந்ததும் உறைந்தவை தாமாக ஓட ஆரம்பிக்கும், எழுத்தும் தொலையாது. வராது என்று தெரிந்தால் 'யுமவுண்ட் -எஃப்' போடுங்கள். பெயரில் ஃபோர்ஸ் இருப்பதால் எல்லா டிஸ்க்குக்கும் இதைப் போடுகிறார்கள். அது முக்கியமாக, பதில் சொல்லாத நெட்வொர்க் மவுண்ட்டுக்காக வந்தது. யூஎஸ்பி டிஸ்க்கில் ஷெல் ஒன்று உள்ளே நின்றால் '-எஃப்' போட்டும் அதே பிசிதான் வரும்.

காத்திருக்கப் பிடிக்காமல் சிலர் மவுண்ட் தேர்வில் 'சாஃப்ட்' என்று மாற்றிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடும், உறைவு இருக்காது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கைவிட்டால், அந்தப் பிழையைக் கவனிக்காத புரோகிராம் அரைகுறை ஃபைலோடு மேலே போய்விடும். கணக்கு ஃபைலுக்கு நான் இதை வைக்கமாட்டேன். படிக்க மட்டும் பகிர்ந்த ஃபோல்டருக்கு வைக்கலாம். லேப்டாப்பை மூடிக்கொண்டு மலை இறங்குபவர்களுக்கு ஒன்று: முதலில் மவுண்ட்டைக் கழற்றுங்கள், அப்புறம் வைஃபையை அணையுங்கள்.

சோம்பேறிக் கழற்றல்

'யுமவுண்ட் -எல்', அதாவது லேசி. எப்படிப்பட்ட பிசியாக இருந்தாலும் உடனே வெற்றி என்று சொல்லும். ஃபைண்ட்எம்என்டி-யில் தேடினால் அந்த மவுண்ட்டே இருக்காது. ஆனால் உண்மையில் நடப்பது, கடை போர்டை மட்டும் கழற்றி வைப்பது போன்றது. புதிதாக யாரும் வரமாட்டார்கள், உள்ளே இருப்பவர்கள் வியாபாரத்தைத் தொடர்வார்கள். கடைசி ஆள் வெளியேறிய பிறகுதான் டிஸ்க் நிஜமாக விடுபடும். அதற்கு முன்னால் கேபிளை உருவினால், கழற்றாமல் உருவியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மோசம் என்னவென்றால், மவுண்ட் பெயர் போய்விட்டதால் பிடித்திருப்பவரை இனி தேடுவதும் கஷ்டம்.

செத்துப்போன என்எஃப்எஸ் சர்வருக்கு, '-எஃப்' பலிக்காத நிலையில், இது சரியான கருவி. திரும்ப எழுத வேண்டிய டிஸ்க்குக்கு வேண்டாம்.

மறுப்பதும் தாமதிப்பதும்

யுமவுண்ட் பிழை எதுவும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தால், யூஎஸ்பி டிஸ்க்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. காப்பி ஜன்னல் நூறு சதவீதம் காட்டி மூடிய பிறகும் டேட்டாவின் ஒரு பகுதி ரேமில்தான் இருக்கும், பழைய பென்டிரைவில் அது இறங்க நிமிடக்கணக்கில் ஆகும். /ப்ராக்/மெம்இன்ஃபோ என்ற ஃபைலில் 'டர்ட்டி', 'ரைட்பேக்' என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் காத்திருங்கள். எக்ஸ்ஃபேட் டிஸ்க் என்றால் இன்னும் பொறுமை வேண்டும், எக்ஸ்ட்4 போல அதில் ஜர்னல் (பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு) கிடையாது.

எண் அசையவே இல்லை, பிராசஸ் பட்டியலில் ஸ்டாட் பத்தியில் பெரிய டி (டிஸ்க்கின் டி) நிற்கிறது என்றால் அந்த பிராசஸ் டிஸ்க்கின் பதிலுக்காக உறைந்திருக்கிறது. கில் -9 கூட அதன் காதில் விழாது. கர்னலின் செய்திகளைப் பார்க்க 'டிமெஸ்ஜி' (டி-எம்-இ-எஸ்-ஜி) என்று தட்டி, யூஎஸ்பி பிழைகள் வரிசையாக வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் சந்தேகப்பட வேண்டியது கேபிளையும் டிஸ்க்கையும்.

கழன்ற பிறகு 'யூடிஸ்க்ஸ்சிடிஎல் பவர்-ஆஃப் -பி' (பிளாக் என்பதன் முதல் எழுத்து) போட்டு டிஸ்க்கின் பெயரைக் கொடுத்தால் சுழற்சியும் நிற்கும். அதன்பின் உருவலாம்.

டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஓடும் மெஷினில் மட்டும் கடைசியாக ஒரு வேடிக்கை உண்டு. யுமவுண்ட் சத்தமில்லாமல் வெற்றி பெறும். ஆனால் அடுத்து ஃபார்மட் செய்யப் போனாலோ என்க்ரிப்ஷனை மூடப் போனாலோ, சாதனம் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கும். டிஸ்க் மவுண்ட் ஆகியிருந்த நேரத்தில் தொடங்கிய கன்டெய்னர், தன் தனி மவுண்ட் பட்டியலில் அதன் பிரதி ஒன்றை வைத்திருக்கும். உங்கள் பட்டியலில் கழற்றியது அதற்குத் தெரியாது. /ப்ராக் அடியில் ஒவ்வொரு பிராசஸ் எண்ணுக்கும் 'மவுண்ட்இன்ஃபோ' என்ற ஃபைல் இருக்கிறது. 'கிரெப் -எல்' (ஜி-ஆர்-இ-பி) போட்டு அந்த எல்லா ஃபைல்களிலும் டிஸ்க்கின் பெயரைத் தேடுங்கள், பெயர் சிக்கும் ஃபைலின் பாதையிலேயே பிராசஸ் எண் இருக்கும். அந்த எண் எந்தக் கன்டெய்னருடையது என்று பார்த்து அதை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.